பிரதேச சபையின் பொதுநோக்கு மண்டபத்தை ஊர்ச் சங்கம் பொறுப்பெடுப்பது எப்படி?

வன்னியில் எந்தக் கிராமத்துக்குள் போனாலும் ஒரு பொதுநோக்கு மண்டபம் கண்ணில் படும். காலையில் முன்பள்ளி நடக்கும், மாதத்தில் ஒரு நாள் கிளினிக் நடக்கும், மற்ற நேரம் பூட்டு. திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு வீட்டைக் காட்டுவார்கள். இதை நாங்களே முறைப்படி எடுத்து நடத்தலாமே என்று புதிதாகத் தெரிவான சங்க நிர்வாகம் நினைக்கும், பிரதேச சபைக்கு ஒரு கடிதம் போடும், அந்தக் கடிதம் பைலுக்குள் போய்ப் படுத்துவிடும். ஏன் படுக்கிறது, எப்படி எழுப்புவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ, பாதை பெரும்பாலும் ஒன்றுதான். வேறுபடும் இடங்களில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது: மண்டபம் யாருடையது?

இதைத் தெரியாமல் கடிதம் எழுதவே வேண்டாம். நம்மில் பலருக்குப் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்று போலத்தான் தெரியும். இரண்டும் வேறு. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகம், காணிக் கிளையும் கிராம அலுவலரும் அதன் கீழ்தான். பிரதேச சபை என்பது நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி நடப்பது, மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்தின் மேற்பார்வையில் இருப்பது. எல்லைகளும் எப்போதும் ஒன்றாக இருக்காது. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகம் நான்கு, பிரதேச சபை மூன்றுதான். கண்டாவளைப் பிரதேச செயலகப் பிரிவில் இருப்பவர்களுக்கும் சபை என்றால் கரைச்சிதான். இந்த இடத்தில் பிழைவிட்டு, சபைக்குப் போக வேண்டிய கடிதம் செயலகத்தில் மாதக்கணக்காக இருந்த கதைகள் நிறைய உண்டு.

சரி, மண்டபத்துக்கு வருவோம். 2009க்குப் பிறகு மீள்குடியேற்றம் நடந்த வருடங்களில் கட்டடங்கள் பல வழிகளில் வந்தன. சிலவற்றைத் தொண்டு நிறுவனங்கள் கட்டி, ஒரு திறப்பு விழா வைத்து, யாரோ ஒருவர் கையில் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டன. சில, உலக வங்கி நிதியில் உள்ளூராட்சி சபைகள் ஊடாக நடந்த நெல்சிப் திட்டத்தில் வந்தவை. சில, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் கட்டப்பட்டவை. யுத்தத்துக்கு முன்பிருந்த பழைய கட்டடத்தைத் திருத்தி எடுத்தவையும் உண்டு. சுவரில் பதித்திருக்கும் கல்லில் யார் நிதி கொடுத்தார், யார் திறந்து வைத்தார் என்று இருக்கும், கட்டடம் யாருக்குச் சொந்தம் என்று இருக்காது. அந்தக் கல்லை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை உரிமைப் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு இடத்தில் கேளுங்கள். ஒன்று பிரதேச சபை: இந்தக் கட்டடம் சபையின் நிலையான சொத்துப் பதிவேட்டில் இருக்கிறதா? இரண்டாவது பிரதேச செயலகத்தின் காணிக் கிளை: கட்டடம் நிற்கும் காணி எந்த வகை? கிராம அலுவலரிடமும் குடியேற்ற உத்தியோகத்தரிடமும் பேசினால் பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும். வாயால் சொல்கிறார்கள், எழுத்தில் தரவில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அலுவலகத்திலும் அதற்கென்று ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதைச் சண்டைக்குப் போவது மாதிரிச் செய்யத் தேவையில்லை, "எங்கள் கோவைக்குத் தேவைப்படுகிறது" என்று சிரித்த முகத்தோடு கொடுத்தாலும் சட்டம் அதே சட்டம்தான்.

கிடைக்கும் பதில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

காணியும் கட்டடமும் சபையுடையவை என்றால் நேரே சபையோடு பேசலாம், இந்தக் கட்டுரை முழுவதும் உங்களுக்குத்தான்.

கட்டடம் சபையுடையது, காணி இன்னும் அரச காணி, சபைக்குப் பாரப்படுத்தவில்லை என்றால், சபையால் நீண்ட காலக் குத்தகை எழுதித் தருவது கஷ்டம். தன்னிடம் இல்லாததைச் சபை எப்படிக் குத்தகைக்குக் கொடுக்கும்? பராமரிப்புக்காகக் கையளிப்பது வரைக்கும் போகலாம். சில ஊர்களில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் மண்டபத்துக்கு வெளியே பக்கத்திலேயே நிற்கும், அப்படியென்றால் காணிக் கிளையின் எழுத்து மூலப் பதில் இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள்.

மூன்றாவது, மண்டபம் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே கட்டிக் கொடுக்கப்பட்டது என்ற பதில். அப்போது சபையிடம் குத்தகை கேட்பதே பிழை, நீங்களாகவே உங்கள் உரிமையை விட்டுக் கொடுப்பது போல ஆகிவிடும். கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய்க் கையளித்த ஆவணத்தைத் தேடுங்கள்.

நான்காவதுதான் தலைவலி. "காணியை இன்னார் தந்தவர்" என்று ஊர் முழுக்கச் சொல்லும், எழுத்து எதுவும் இருக்காது. தந்தவர் இருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. அவர் காலமான பிறகு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து வேலி போடத் தொடங்கினால் ஊர்ப் பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. உறுதிக் காணி, அதாவது தனியார் உறுதி உள்ள காணி என்றால் நன்கொடை உறுதி முடிக்கச் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் அதை வைத்திருப்பவர் தான் நினைத்தபடி எழுதிக் கொடுக்க முடியாது, பிரதேச செயலாளர் வழியாகத்தான் போக வேண்டும். இது முடியும் வரை குத்தகைப் பேச்சைத் தள்ளிப் போடுவதுதான் நல்லது.

அடுத்தது: உங்கள் சங்கத்தின் கடதாசிகள்

சபை முதலில் கேட்பது பதிவுச் சான்றிதழ். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிவாகின்றன, பிரதேச செயலகத்தில் இருக்கும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர்தான் உங்கள் ஆள். சனசமூக நிலையம் உள்ளூராட்சிப் பக்கம் பதிவாவது, அதனால் சபைக்கு அது சொந்தப் பிள்ளை மாதிரி, பத்திரிகை போடுவது, சிறு உதவி கொடுப்பது எல்லாம் அந்த வழியில்தான். ஒரே மண்டபத்தை இரண்டு அமைப்பும் கேட்டால் சபை எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கடிதம் எழுத முன் ஊருக்குள் பேசி முடியுங்கள். மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், முன்பள்ளிப் பெற்றோர், கோயில் நிர்வாகம் எல்லோரிடமும் "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று கடிதத் தலைப்பில் முத்திரையோடு வாங்கிவிடுங்கள். சபை அமர்வில் ஓர் உறுப்பினர் எழும்பி "அந்த ஊரில் இன்னொரு பகுதி எதிர்க்குதே" என்று ஒரு சொல் சொன்னால் போதும், விடயம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும், பிறகு அதற்கடுத்த மாதத்துக்கு.

2009இல் பதிவுப் பத்திரம், கூட்டக் குறிப்புப் புத்தகம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இழந்த சங்கங்கள் வன்னியில் ஏராளம். பழைய பதிவு இலக்கம் மட்டும் யாருக்காவது நினைவிருந்தால் அதைக் கொண்டு உத்தியோகத்தரிடம் போங்கள், அலுவலகப் பதிவிலிருந்து உறுதிப்படுத்தல் கடிதம் எடுக்கலாமா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிதாகப் பதிவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அதோடு வேண்டியவை: நடப்பு வருட நிர்வாகத் தெரிவு நடந்த பொதுக்கூட்டக் குறிப்பு, யாப்பு, கடைசிக் கணக்கறிக்கை, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. கணக்கு செயலாளரின் சொந்தப் பெயரில் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம் முக்கியமாக, மண்டபத்தைப் பொறுப்பெடுப்பது என்று பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு. நிர்வாகக் கூட்டத்தில் ஐந்து பேர் இருந்து எடுத்த தீர்மானம் போதாது. நாளைக்கு மின் கட்டணம் நிலுவையாகிக் கிடக்கும்போது "எங்களைக் கேட்டா எடுத்தீங்கள்?" என்று கேட்கப்போவது அந்தப் பொதுச்சபைதான்.

என்ன கேட்கப் போகிறீர்கள்?

மண்டபம் வேண்டும் என்று மட்டும் எழுதினால் சபைக்குக் குழப்பம். மூன்று விதமாக எடுக்கலாம். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி நாள் வாடகை கட்டி எடுப்பது ஒன்று, அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. பராமரிப்புக்கும் முகாமைத்துவத்துக்கும் சபை உங்களிடம் கையளிப்பது இரண்டாவது: உரிமை சபையிடமே இருக்கும், நீங்கள் திறந்து, பூட்டி, பதிவு எடுத்து நடத்துவீர்கள். மூன்றாவது உண்மையான குத்தகை: குறித்த காலம், குறித்த தொகை, அந்தக் காலத்துக்கு மண்டபம் உங்கள் கையில்.

என்னைக் கேட்டால் முதல் ஒன்று அல்லது இரண்டு வருடம் பராமரிப்புக் கையளிப்பையே கேளுங்கள். எல்லோரும் நேரே ஐந்து வருடக் குத்தகைக்குப் பாய்கிறார்கள். சபைக்குக் குத்தகை என்றவுடன் வேறு பல விடயங்கள் முன்னுக்கு வந்துவிடும். அரச விலைமதிப்புத் திணைக்களத்தின் மதிப்பீடு எங்கே, பகிரங்கக் கேள்வி (டெண்டர்) கோரப்பட்டதா, குறைந்த தொகைக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கணக்காய்வில் கேள்வி வரும், அதற்குப் பதில் எழுத வேண்டியவர் சபையின் செயலாளர். அவர் தயங்குவதை "தர விருப்பமில்லை" என்று எடுக்காதீர்கள், அவர் தன் கையொப்பத்தைக் காப்பாற்றுகிறார். சபைத் தீர்மானத்துக்கு மேல் மாகாண மட்டத்தில் அனுமதி வேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள். வடக்கில் 2018 ஒக்டோபருக்குப் பிறகு மாகாண சபை இல்லை, ஆகவே அந்த மட்டத்துக் கோப்பு என்றால் ஆளுநர் பக்கம் போக வேண்டியிருக்கும், காலம் எடுக்கும்.

ஒரு வருடம் ஒழுங்காக நடத்திக் காட்டி, வரவு செலவை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு குத்தகை கேட்கும் சங்கத்துக்குச் சபையில் எதிர்ப்பு குறைவு. பெரிய செலவு செய்யப் போகிறீர்கள், வெளிநாட்டு உறவுகள் கூரை போட்டுத் தருகிறார்கள் என்றால் மட்டும் முதலிலேயே நீண்ட காலம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அடுத்த வருடம் பறிபோகக்கூடிய கட்டடத்துக்கு ஊர்க்காசைக் கொட்டக் கூடாதுதானே.

கடிதமும் சபை அமர்வும்

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். தவிசாளருக்கு முகவரியிட்டு, செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதி. ஊரின் வரலாறு, இடப்பெயர்வு, மக்களின் துயரம் எல்லாம் எழுதத் தோன்றும், எழுத வேண்டாம், அவர்களுக்கும் அது தெரியும், அவர்களும் அதே இடப்பெயர்வில் வந்தவர்கள்தான். இப்படி எழுதுங்கள்: "மேற்படி மண்டபத்தைப் பராமரிப்பு மற்றும் முகாமைத்துவத்துக்காக எமது சங்கத்திடம் இரண்டு வருடங்களுக்குக் கையளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மின் கட்டணம், துப்புரவு, சிறு திருத்த வேலைகளைச் சங்கம் பொறுப்பேற்கும். முன்பள்ளியும் மாதாந்தக் கிளினிக்கும் தற்போது போலவே தொடரும்." இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், சபையின் பயமே அதுதான். ஆவணப் பிரதிகளை இணைத்து, அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை போட்டு வாங்குங்கள். தபாலில் போடுவதென்றால் பதிவுத் தபால்.

சபை மாதம் ஒருமுறை கூடும். கடிதம் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும், அல்லது குழுவுக்குப் போய் வர வேண்டும், ஆகவே அமர்வுக்கு முதல் நாள் கொடுத்துவிட்டு நாளைக்கு முடிவு வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வட்டார உறுப்பினரைச் சந்தியுங்கள், அவரோடு நிறுத்தாதீர்கள். 2025 மே தேர்தலுக்குப் பிறகு வடக்கில் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை, ஒரு கட்சியின் ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மற்றவர்கள் அதை அந்தக் கட்சியின் மண்டபமாகவே பார்ப்பார்கள். எல்லாத் தரப்புக்கும் அதே கடிதப் பிரதியைக் கொடுங்கள். சங்கத் தலைவர் போன தேர்தலில் யாருக்கு வேலை செய்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் சந்திக்கப் போகும்போது அவரைப் பின்னுக்கு விட்டு முன்பள்ளி ஆசிரியரையோ மாதர் சங்கத் தலைவியையோ முன்னுக்கு அனுப்புவது சில ஊர்களில் புத்திசாலித்தனம்.

தீர்மானம் நிறைவேறியதும் அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தீர்மான இலக்கமும் திகதியும் இல்லாத "சபை ஓம் எண்டிட்டுது" என்ற செய்திக்கு ஒரு பெறுமதியும் இல்லை. இதில் இன்னொன்று: 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025இல் புதிய சபைகள் அமையும் வரை செயலாளர்களே நிர்வாகத்தை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் உங்கள் சங்கத்துக்குக் கையளித்த கடிதம் இருந்தால், அது இன்னும் செல்லுமா என்று ஊகிக்காமல் புதிய சபையின் தீர்மானம் ஒன்றால் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம்

இங்கேதான் ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டும். கையொப்பம் வைக்கும் நாளில் படப்பிடிப்பும் மாலையும் இருக்கும், வாசிக்க நேரம் இருக்காது, ஆகவே வரைவை ஒரு கிழமைக்கு முன்பே கேட்டு வாங்கி நிர்வாகத்தில் சத்தமாக வாசியுங்கள்.

குத்தகை என்று போகிறீர்கள் என்றால் ஒரு சட்ட விடயம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அதைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்வதும் நல்லது. வெறும் தாளில் "ஐந்து வருடக் குத்தகை" என்று தட்டச்சடித்து இரண்டு பக்கமும் இறப்பர் முத்திரை குத்திய கடதாசி, பிரச்சினை வராத வரைக்கும்தான் குத்தகை. நொத்தாரிசுக் கட்டணம், முத்திரைச் செலவு யார் கட்டுவது என்பதையும் முதலே பேசிவிடுங்கள். பராமரிப்புக் கையளிப்புக்கு இந்த நடைமுறை பொதுவாகத் தேவைப்படாது, எழுத்து மூல உடன்படிக்கை போதும்.

சங்கத்துக்காகக் கையொப்பமிடுபவர் தன் பதவிப் பெயரில் இட வேண்டும், "தலைவர், இன்ன கிராம அபிவிருத்திச் சங்கம்" என்று, பொதுக்கூட்டத் தீர்மானத் திகதியோடு. சொந்தப் பெயரில் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் போட்டுக் கையொப்பமிட்டால் கடனும் பொறுப்பும் அந்த ஆளின் தலையில்தான் வந்து விழும்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்? திருத்த வேலையில் எது சிறிது, எது பெரிது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். மின்குமிழ், பூட்டு, தண்ணீர்க் குழாய், வெள்ளையடிப்பு சங்கத்துக்கு. கூரை, சுவர் வெடிப்பு, கறையான் தின்ற வளைமரம், மலசலகூடக் குழி சபைக்கு. "பராமரிப்பு சங்கத்தின் பொறுப்பு" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், மாரியில் காற்றுக்குக் கூரைத்தகடு பறந்தால் அதுவும் உங்கள் பொறுப்பு. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பழைய நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையளிக்கும் திகதி வரைக்குமானது சபையுடையது என்று எழுத்தில் வர வேண்டும், அன்றைய மீற்றர் இலக்கத்தோடு. வீட்டுக் கட்டண வகையில் மண்டபம் வராது என்பதையும் கணக்கில் எடுங்கள், கலியாண வீட்டுக்காரர் இரவு முழுக்க மின்விளக்கு எரித்துவிட்டுப் போன பிறகுதான் பலருக்கு இது புரிகிறது.

முன்பள்ளி நடக்கும் நேரம், கிளினிக் நாள், இவை இரண்டும் வாடகைக்கு விட முடியாத நேரம் என்று வரட்டும். வெள்ளம் வந்தால் மண்டபம் இடைத்தங்கல் முகாம், தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும்தான் சனம் இருந்தது. அப்படியான நாட்களில் கிராம அலுவலர் கேட்டால் உடனே திறந்து கொடுப்பது என்றும், அந்த நாட்களின் மின் கட்டணமும் சேதமும் யாருடையது என்றும் எழுதியிருந்தால் பிறகு முகம் சுளிக்கத் தேவையில்லை.

சங்கம் வாங்கிப் போடும் மின்விசிறி, கதிரை, ஒலிபெருக்கி யாருடையது? கட்டடத்தோடு பொருத்தியது சபைக்கு, தூக்கிக்கொண்டு போகக்கூடியது சங்கத்துக்கு என்று ஒரு வரி போடுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். புதிதாக அறை கட்டுவது, மதில் எழுப்புவது எல்லாம் சபையின் எழுத்து மூல அனுமதியில்லாமல் கூடாது. ஒப்பந்தத்தை இடையில் முடிப்பதென்றால் இரு பக்கமும் குறைந்தது மூன்று மாத முன்னறிவித்தல் கேளுங்கள்.

திறப்பு வாங்கும் நாளும் பிறகும்

சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள். உடைந்த கண்ணாடி, ஒழுகும் இடம், கதவு, கதிரை எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள், கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். அதே நாளில் பூட்டை மாற்றிவிடுங்கள். பழைய திறப்புகள் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதிய திறப்பில் ஒன்று சபைக்கு, ஒன்று முன்பள்ளிக்கு, ஒன்று சங்கத்துக்கு.

கட்டணப் பட்டியலைச் சபையின் ஒப்புதலோடு மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். ஊராருக்கு ஒரு தொகை, வெளியாருக்கு ஒரு தொகை, செத்தவீட்டுக்கு இலவசம், ரியூசன் வகுப்புக்கு மாதத் தொகை. கட்சிக் கூட்டத்துக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் எந்தக் கட்சிக்கும் கொடுக்காதீர்கள், கொடுப்பதென்றால் எல்லாக் கட்சிக்கும் அதே தொகை. உள்ளே மதுபானம் கூடாது. இதைச் சொல்வது சுலபம், கலியாண வீட்டில் தலைவரின் மச்சானே போத்தலோடு நிற்கும்போது நடைமுறைப்படுத்துவது கஷ்டம், ஆகவே முற்பணமாக ஒரு தொகை வாங்கி வையுங்கள், மண்டபத்தைத் துப்புரவாக ஒப்படைத்தால் திருப்பிக் கொடுப்பது, இல்லாவிட்டால் கழிப்பது.

காசு வாங்கினால் பற்றுச்சீட்டு, இலக்கமிட்ட புத்தகத்தில். வங்கியில் போடுவது, எடுக்கும்போது இருவர் கையொப்பம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை அறிவித்தல் பலகையில் போடுங்கள், ஒரு பிரதி சபைக்கு. நிர்வாகம் மாறும்போது பைல், பற்றுச்சீட்டுப் புத்தகம், ஒப்பந்தம், திறப்பு எல்லாவற்றையும் புதிய செயலாளரிடம் பட்டியல் எழுதிக் கையளித்து, மாறிய பெயர்களைச் சபைக்கு அறிவியுங்கள்.

காலம் முடிவதற்கு நான்கு மாதம் இருக்கும்போதே நீடிப்புக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள், கணக்கறிக்கையும் செய்த திருத்தங்களின் படங்களும் இணைத்து. முடிந்த பிறகு கேட்டால் அது நீடிப்பாக இருக்காது, புதிய விண்ணப்பமாகிவிடும், அதற்குள் இன்னொரு சங்கத்தின் கடிதமும் அங்கே வந்திருக்கும்.